பழைய பாராமீட்டரை எப்போது தூக்கலாம்?

வணக்கம் மக்களே. சின்ன பைதான் லைப்ரரி ஒன்றைப் பராமரிக்கிறேன். ஒரு ஃபங்ஷனில் பாராமீட்டர் பெயரை மாற்றியாச்சு. பழைய பெயரும் இப்போதைக்கு ஓடும், கூடவே டெப்ரிகேஷன் வார்னிங் (இது பின்னால் நீக்கப்படும் என்ற எச்சரிக்கை) போகும். சிக்கல் என்னன்னா, அந்த வார்னிங்கைப் பைதான் இயல்பாகவே மறைத்துவிடும். நேரடியாக ஓட்டும் மெயின் ஸ்கிரிப்டிலிருந்து அழைத்தால்தான் தெரியும் (ஸ்டாக்லெவல் 2 வைத்திருக்கிறேன், அதாவது வார்னிங் என் ஃபங்ஷனை அழைத்த வரியைக் காட்டும்). இன்னொரு பேக்கேஜ் வழியாக வருபவர்களுக்குச் சத்தமே கேட்காது. இயல்பாகவே எல்லாருக்கும் தெரியும் ஃபியூச்சர் வார்னிங் போட்டால் எல்லார் லாகும் நிரம்பும், கிட்ஹப் இஷ்யூவில் திட்டு விழும்.

பைதானின் கணக்கீட்டு லைப்ரரியான நம்பை (NumPy), 'என்பி.இன்ட்' (np.int) என்ற பழைய பெயரை 1.20 பதிப்பில் எச்சரித்து 1.24இல்தான் தூக்கியது. கிட்டத்தட்ட 2 வருடம். அப்படியும் எவ்வளவு கோட் உடைந்தது!

நீங்கள் எந்த வார்னிங் போடுவீங்க? எத்தனை ரிலீஸ் பொறுப்பீங்க? பழைய பெயரை இன்னும் யார் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க, கிட்ஹப்பில் தேடுவதைத் தவிர வழி உண்டா?