மார்த்தாண்டத்திலிருந்து துபாய்: எந்தப் பள்ளி?

கேள்வி: மகன் ஸ்டேட் போர்டில் 9 முடிக்கிறான், மகள் 4. ஜூனில் குடும்பத்தோடு போகிறோம். எப்படித் தேர்வு செய்வது அண்ணமாரே?

பதில் 1: மகன் விஷயம்தான் சிக்கல். சிபிஎஸ்இ 10இல் சேர, 9ஐப் பொதுவாக சிபிஎஸ்இ இணைப்புப் பெற்ற பள்ளியில் முடித்திருக்க வேண்டும்; வேறு போர்டிலிருந்து வந்தால் சிபிஎஸ்இயின் அனுமதி தேவைப்படும். 10ஐ ஊரிலேயே எழுதிவிட்டு 11இல் சேர்ப்பதே நல்லது. அங்கே இந்தியப் பள்ளிகள் ஏப்ரலில் தொடங்கிவிடும், ஜூன் தாமதம்.

பதில் 2: மகளின் டி.சி.க்குக் கல்வித்துறை, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாக அட்டஸ்டேஷன் (சான்றொப்பம்) வேண்டும். பலர் மாட்டுவது பெயரில்: டி.சி.யில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. முதலில் அதைத் திருத்துங்க.

பதில் 3: துபாயின் தனியார் பள்ளிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான கேஎச்டிஏவின் (KHDA) தளத்தில் பள்ளியின் ஆய்வறிக்கையும் கட்டணமும் இருக்கு. பஸ் கட்டணம் தனி. பள்ளி உறுதியான பிறகு வீடு பிடிங்க. அரபிப் பாடம் உண்டு, பயப்பட வேண்டாம்.