பழைய குடும்பப் படங்களை அதே இடத்தில், அதே கோணத்தில் மறுபடி எடுப்பது எப்படி?

கேள்வி: கரையோரம்

அடுத்த மாதம் பத்து நாள் ஊருக்குப் போகிறேன். 1970களில் எடுத்த 14 கருப்பு வெள்ளைப் படங்கள் இருக்கின்றன, எல்லாமே சதுரம். முன்னால் வீட்டார் நிற்கிறார்கள், பின்னால் ஏரிக்கரை, ஓட்டு வீடு, தூரத்தில் மலை. இன்று இருப்பவர்களை அதே இடத்தில் நிறுத்தி எடுக்க வேண்டும், பக்கத்தில் வைத்தால் ஊர் மாறியது தெரிய வேண்டும். கைபேசியில் எடுத்தால் மலை சிறுத்துப் போகிறது. ஏன்? மரங்களும் ஏரியும் எந்த ஆண்டுவாக்கில் மாறின என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: நிழல்மானி

மலை சிறுப்பதற்குக் காரணம் நீங்கள் நிற்கும் தூரம். கைபேசியின் முதன்மை லென்ஸ் அகலமானது. ஆட்கள் படத்தை நிறைக்க வேண்டும் என்று நம்மை அறியாமல் கிட்டே போய்விடுகிறோம். ஆட்கள் பெரிதாகிறார்கள், மலையின் அளவு மாறுவதில்லை. பின்னால் போங்கள், பிறகு ஜூம் செய்யுங்கள். இந்த வரிசை முக்கியம். ஜூம் படத்தை வெட்டிப் பெரிதாக்கும், அவ்வளவுதான். முன்னுள்ளதும் பின்னுள்ளதும் என்ன விகிதத்தில் தெரியும் என்பதை உங்கள் கால்கள்தான் தீர்மானிக்கின்றன.

சதுரப் படம் என்றால் பெரும்பாலும் 120 ஃபிலிம், அதாவது அகலமான சுருள் ஃபிலிம். அந்தக் காலத்து இரட்டை லென்ஸ் கேமராக்களில் 75 அல்லது 80 மி.மீ. லென்ஸ் இருக்கும். கைபேசியில் 1.5 மடங்கு ஜூம் வைத்துச் சதுரமாக வெட்டினால் ஏறத்தாழ அதே பரப்பு வரும்.

பலர் தவறவிடுவது உயரம். இரட்டை லென்ஸ் கேமராவை வயிற்றோடு அணைத்து, மேலிருந்து குனிந்து பார்த்துத்தான் எடுப்பார்கள். படத்திலேயே இதைச் சரிபார்க்கலாம். தரை சமமாக இருந்தால், அடிவானக் கோடு நிற்பவர்களின் உடம்பில் எங்கே வெட்டுகிறதோ அதுதான் லென்ஸின் உயரம். ஏரியின் எதிர்க்கரை வெகுதூரத்தில் இருந்தால் அந்தக் கோட்டையே அடிவானமாக வைத்துக்கொள்ளலாம். அது இடுப்பில் போனால் கைபேசியையும் இடுப்பு உயரத்துக்கு இறக்குங்கள்.

கிளம்புமுன் இன்னொன்று. நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்த படங்கள் உண்டு. எழுத்துப் பலகை எதுவும் தெரியாவிட்டால் ஆண்களின் சட்டைப்பையைப் பாருங்கள், அது அணிந்தவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும். எல்லோருக்கும் வலப்பக்கம் இருந்தால் படம் தலைகீழ் அல்ல, இடவலம் மாறியது. அதை வைத்துக்கொண்டு நிற்கும் இடத்தைத் தேடினால் நாள் முழுக்க அலைய வேண்டியதுதான்.

பதில்: வரப்புக்கல்

இடம் பிடிக்கும் முறையை நான் சொல்கிறேன். ஆட்களை விட்டுவிடுங்கள். படத்தில் அருகே ஒன்று, தூரத்தில் ஒன்று, இரண்டும் இன்றும் இருப்பவையாகத் தேர்ந்தெடுங்கள். வீட்டின் மூலையும் மலையில் ஒரு பள்ளமும் என்று வைத்துக்கொள்வோம். பழைய படத்தில் மூலை பள்ளத்துக்கு நேர் கீழே இருக்கிறது. இப்போது மூலை இடப்பக்கம் விலகித் தெரிந்தால் நீங்களும் இடப்பக்கம் நகர வேண்டும், வலப்பக்கம் விலகினால் வலப்பக்கம். கூரை மலையை அதிகம் மறைத்தால் கேமராவை உயர்த்துங்கள்.

ஒரு ஜோடி போதாது. அது ஒரு கோட்டைத்தான் தரும், அந்தக் கோட்டில் எங்கு நின்றாலும் பொருந்தும். படத்தின் மறுபக்கத்தில் இரண்டாவது ஜோடி வேண்டும். இரண்டு கோடுகளும் வெட்டும் இடம்தான் பழைய கேமரா நின்ற இடம். பழைய படத்தின் நகலில் மூன்றுக்கு மூன்று கட்டம் வரைந்து, கைபேசித் திரையிலும் கட்டத்தை இயக்கிவிட்டால் ஒப்பிடுவது எளிது.

இடம் கிடைத்ததும் ஜிபிஎஸ் புள்ளியோடு விட்டுவிடாதீர்கள். திறந்த வெளியிலேயே கைபேசி ஏறத்தாழ 5 மீட்டர் தவறும், இந்த வேலைக்கு அது மிக அதிகம். அசையாத இரண்டு இடங்களிலிருந்து டேப் வைத்து அளந்து, லென்ஸின் உயரத்தோடு எழுதி வையுங்கள்.

பனியாறுகளின் மாற்றத்தைப் பதிவு செய்ய ஆல்ப்ஸ் மலையில் 1888 முதல் பின்பற்றும் முறைதான் இது. அங்கும் இங்கும் விதி ஒன்றே: பருவம் மாறினால் ஒப்பீடு கெடும். மழை முடிந்த ஏரியையும் கோடை ஏரியையும் பக்கத்தில் வைத்து ‘ஏரி சுருங்கிவிட்டது’ என்று எழுதினால் அது பொய்.

பதில்: மேலிருந்து

ஆண்டு கண்டுபிடிக்கச் செயற்கைக்கோள் படங்கள். கூகுள் எர்த் ப்ரோவில் கடிகாரப் பொத்தானை அழுத்தினால் பழைய படங்கள் வரும். தெளிவான படங்கள் பல இடங்களுக்கு 2000க்குப் பிறகுதான் கிடைக்கும். அதற்கு முன்னால் லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசை: 1972 முதல், 1984க்குப் பிறகு 30 மீட்டர் நுணுக்கத்தில் (படத்தின் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர்), இலவசம். ஒரு மரம் தெரியாது, ஏரியும் தோப்பும் தெரியும். அருகலை அகச்சிவப்புப் பட்டையை, அதாவது கண்ணுக்குத் தெரியாத சிவப்புக்கு அப்பாலான ஒளியில் பதிவான படத்தை, பாருங்கள், தண்ணீர் கறுப்பாகவும் செடிகொடி வெளிச்சமாகவும் பிரிந்து நிற்கும்.

எச்சரிக்கை: லேண்ட்சாட் 7 படங்களில் 2003 மே 31க்குப் பிறகு கோடு கோடாக வெற்றிடம் இருக்கும். வரிகளை நேராக்கும் கண்ணாடிப் பொறி பழுதாகிவிட்டது. அதனால் 2011 வரை லேண்ட்சாட் 5, 2013 முதல் லேண்ட்சாட் 8, 2015க்குப் பின் 10 மீட்டர் நுணுக்கமுள்ள ஐரோப்பியச் செயற்கைக்கோள் சென்டினல் 2. ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதத்தை எடுங்கள்.

1972க்கு முன்னால் வேண்டுமென்றால் கரோனா என்ற அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்களின் படங்கள், 1960 முதல் 1972 வரை. 1995இல் இரகசியம் நீக்கப்பட்டவை. அமெரிக்க நிலவியல் துறையின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் தேடலாம். உங்கள் ஊர் மேல் மேகமில்லாத நாள் கிடைத்தால் தனி வீடுகூடத் தெரியலாம்.

பதில்: ஓலைக்கட்டு

படம் எடுப்பதற்கு முன்னால் பெரியவர்களிடம் உட்காருங்கள். நிலம் காத்திருக்கும், அவர்கள் நினைவு காத்திருக்காது.

ஆல்பத்தின் ஒட்டும் தாளிலிருந்து படத்தைப் பிய்க்காதீர்கள். வராவிட்டால் தாளோடு ஸ்கேன் செய்யுங்கள், கண்ணாடியில் ஒட்டியிருந்தால் கண்ணாடியோடு. 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும். பெரிதாக்கிய நகலைப் பாட்டி கையில் கொடுத்துவிட்டு, ‘இது எந்த வருஷம்?’ என்று கேட்காதீர்கள். ‘அப்போ சித்தப்பா பிறந்தாச்சா? பின்னால் அந்த மரம் யார் வைத்தது? இந்தப் பக்கம், படத்துக்கு வெளியே, என்ன இருந்தது?’ என்று கேளுங்கள். ஆண்டு தானாக வரும்.

கைபேசியை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு, அவர் வாயிலிருந்து ஓரடி தூரத்தில், துணி மேல் வையுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடலாம். மின்விசிறியை நிறுத்துங்கள். இரண்டு பேர் வேறு வேறு ஆண்டு சொன்னால் திருத்த வேண்டாம், இரண்டையும் பெயரோடு குறியுங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், தேதித் தகவலும் போய்விடும். ஆவணமாக அனுப்புங்கள்.

கரையோரம்

மிக்க நன்றி. ஒரு படத்தில் கேமரா நின்ற இடத்தில் இப்போது வீடு வந்துவிட்டது. கொஞ்சம் தள்ளி நின்று எடுத்தால் தப்பா?

வரப்புக்கல்

பக்கவாட்டில் தள்ளாதீர்கள். முக்கியமான ஜோடியைப் பிடித்து, அதே கோட்டில் முன்னாலோ பின்னாலோ போங்கள். அந்த ஜோடியாவது பொருந்தும். பின்னால் போனால் வீடு மறைக்கும் என்றால் அதையும் ஒரு படம் எடுங்கள். ‘பழைய இடத்திலிருந்து இத்தனை மீட்டர் முன்னால்’ என்று படத்தின் கீழேயே எழுதிவிடுங்கள்.