புதுப்பிப்பு: கோப்பு அனுப்பும் நிரலில் பிழை பிடிபட்டது

டிசிபி (கணினிகளுக்கிடையே தரவைக் கொண்டுசெல்லும் நெறிமுறை) வழியாகக் கோப்பு அனுப்பும் என் சி மொழி நிரலில், உரைக்கோப்புகளின் கடைசியில் குப்பை ஒட்டிக்கொள்கிறது, படங்கள் திறக்கவே மறுக்கின்றன என்று எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது.

அனுப்பும் பக்கத்தில், படித்த தரவின் நீளத்தை ஸ்டிரலென் (strlen, உரைச்சரத்தின் நீளத்தை அளக்கும் செயற்கூறு) கொண்டு அளந்திருந்தேன். அது முதல் சுழிய பைட்டிலேயே நின்றுவிடும். படக்கோப்பிலோ சுழியங்கள் ஏராளம். இப்போது கோப்பைப் படிக்கும் எஃப்ரீட் (fread) திருப்பித் தரும் எண்ணிக்கையையே எடுத்துக்கொள்கிறேன்.

என்னை மூன்று இரவுகள் அலைக்கழித்தது பெறும் பக்கம். 4096 பைட் அனுப்பினால் அத்தனையும் தரவைப் பெறும் ஒரே ரிசீவ் (recv) அழைப்பில் வந்துவிடும் என்று நம்பியிருந்தேன். டிசிபி வெறும் பைட்டுகளின் ஓட்டம். நாம் வெட்டி அனுப்பிய துண்டுகளின் எல்லை அதற்குத் தெரியாது. 1460 பைட் வரலாம், மீதி அடுத்த அழைப்பில் வரலாம். நானோ ஒவ்வொரு முறையும் இடையகம் (வந்த தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவிடம்) முழுவதையும் கோப்பில் எழுதினேன். முந்தைய சுற்றின் எச்சமும் அதோடு சேர்ந்தே போனது!

இப்போது கோப்பின் அளவை முதல் 8 பைட்டில் அனுப்பி, அது நிறையும் வரை சுழற்சியில் பெறுகிறேன். வந்ததை மட்டுமே எழுதுகிறேன். தரவை அனுப்பும் சென்ட் (send) அழைப்பும் கேட்டதைவிடக் குறைவாக அனுப்பக்கூடும், அங்கும் அதே சுழற்சி.

இடையகத்தைப் பெரிதாக்கச் சொன்னவர்களுக்கு: 64 கிலோபைட்டாக்கியும் பிழை அப்படியே இருந்தது. சுழற்சி சேர்த்த பிறகுதான் அனுப்பிய, பெற்ற இரு கோப்புகளின் ஷா-256 மதிப்புகளும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) ஒத்துப்போயின.