திருவையாறு ஆராதனை: பஞ்சரத்தினக் கோஷ்டியில் நானும் உட்காரலாமா?

தாமிரபரணி:
வணக்கம். பாளையங்கோட்டையில் இருக்கிறேன், ரிடையர் ஆன டீச்சர். இப்போதுதான் பாட்டு கற்றுக்கொள்கிறேன். தியாகராஜரின் பஞ்சரத்தினக் கிருதிகள் ஐந்தில் நாட்டை, ஆரபி, ஸ்ரீ ராகங்களில் உள்ள மூன்றையும் புத்தகத்தைப் பார்த்துப் பாடிவிடுவேன். கௌளை பாதிதான் வரும். வராளியை எங்கள் பாட்டு டீச்சர் சொல்லித்தரவே மாட்டேன் என்கிறார். நேராகச் சொல்லிக்கொடுத்தால் குருவுக்கும் சிஷ்யைக்கும் ஆகாதாம், காதால் கேட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். இந்த லட்சணத்தில் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனைக்குப் போய், எல்லோரும் சேர்ந்து பாடும் கோஷ்டியில் உட்கார்ந்தால் யாராவது எழுப்பிவிடுவார்களா? டிக்கெட் உண்டா? முழங்கால் வலி வேறு.

ரசிகன்:
எதற்கு அலைச்சல்? ஆராதனை நாளான பஞ்சமி அன்று காலையில் வானொலி, தூர்தர்ஷன் இரண்டிலும் நேரடியாக வரும். அங்கே போனால் முன்வரிசைப் பட்டுப்புடவைகளைத்தான் பார்ப்பீர்கள், அதுவும் தூரத்திலிருந்து.

ஆத்தங்கரை:
ரசிகன் சார் சொல்வதில் பட்டுப்புடவை வரைக்கும் சரி. நான் இந்த ஊர்க்காரன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

டிக்கெட் எதுவும் கிடையாது டீச்சர். தியாகராஜர் சித்தியடைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமி (புஷ்ய மாதத் தேய்பிறை ஐந்தாம் நாள்) என்பதால் தேதி வருஷா வருஷம் மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். அன்று காலை திருமஞ்சன வீதியில் தியாகராஜர் வாழ்ந்த இடத்திலிருந்து உஞ்சவிருத்தி பஜனை (பாடிக்கொண்டே வீதியில் பிட்சை வாங்குவது) கிளம்பிக் காவிரிக்கரைச் சமாதிக்கு வரும். நாதஸ்வரம், புல்லாங்குழல் முடிந்து ஒன்பது மணி வாக்கில் நாட்டை ஆரம்பிக்கும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எதிரும் புதிருமாக. முன்னால் வித்வான்கள், விதுஷிகள். பின்னால் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பாடலாம், பாதிப் பேர் கையில் புத்தகம்தான். தரையில்தான் உட்கார வேண்டும். முடியாவிட்டால் பந்தல் ஓரமாக நில்லுங்கள். நாற்காலியை நம்பி வராதீர்கள்.

பெண்கள் பக்கம் என்று இன்று சாதாரணமாகச் சொல்கிறோம். ஒரு காலத்தில் ஆண்களே பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பிரிந்து நடத்தினார்கள், இரண்டிலும் பெண்களுக்குப் பாட இடமில்லை. பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சொத்தைப் போட்டுச் சமாதிக்குக் கோயில் எழுப்பி 1920-களில் கும்பாபிஷேகம் செய்தார். அவர் கட்டிய கோயிலிலேயே அவருக்கு மேடை இல்லை! விட்டுவிடவில்லை அந்த அம்மாள். கோயிலுக்குப் பின்புறம் பெண்களைத் திரட்டித் தனியாகப் பாட ஆரம்பித்தார். 1940-களின் தொடக்கத்தில்தான் எல்லாம் ஒன்றானது. அவருடைய சமாதியும் பக்கத்திலேயே இருக்கிறது, பார்க்காமல் போகாதீர்கள்.

இன்னொன்று. பஞ்சமி காலை மட்டும் வந்துவிட்டு உடனே பஸ் ஏறாதீர்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மேடை. ஒன்றில் பாடும்போதே அடுத்ததில் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பார்கள். ஆளுக்குக் கொஞ்ச நேரம்தான், பெரிய வித்வானுக்கும் அப்படித்தான். பெரிய பெயர்கள் சாயங்காலத்துக்கு மேல் வரும். மத்தியான வெயிலில் எங்கிருந்தோ வேன் பிடித்து வந்த பிள்ளைகள் கை நடுங்கப் பாடுவார்கள், கேட்க நாலு பேர் இருந்தாலே அதிகம். என்னைக் கேட்டால் ஆராதனை என்பதே அந்த மத்தியானம்தான். டிவியில் அது வராது, ரசிகன் சார்.

தங்குவதற்குத் தஞ்சாவூர்தான் வசதி. அங்கிருந்து டவுன் பஸ் உண்டு, வழியில் ஐந்து ஆற்றுப் பாலம் தாண்டுவீர்கள்.

கும்மோணம்:
வராளியைப் பற்றிக் கவலையே வேண்டாம் அக்கா. அது வந்ததும் பின்வரிசைச் சத்தம் தானாகக் குறைந்துவிடும். முக்கால்வாசிப் பேர் நம்ம கேஸ்தான். ஸ்ரீ வந்ததும் பந்தலே திரும்பப் பிடித்துக்கொள்ளும்.

தாமிரபரணி:
எல்லோருக்கும் நன்றி. முதல் நாளே தஞ்சாவூர் வந்துவிடுகிறேன். எனக்குச் சர்க்கரை உண்டு, திருவையாற்று அசோகா அல்வாவைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்காதீர்கள்.

ஆத்தங்கரை:
பாசிப்பருப்புதானே டீச்சர், சத்தான சாமான்! நெய்யைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.