ஒலிக்குளியல் தியானத்துக்குப் போகுமுன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

கேள்வி: மேகமலைச்சாரல் (கம்பம்)

அனைவருக்கும் வணக்கம். ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதும் எனக்குச் சில மாதங்களாக இரவில் தூக்கம் சரியாக வருவதில்லை. குமுளியில் உள்ள ஒரு யோகா நிலையத்தில் மாலை நேரத்தில் நடக்கும் ஒலிக்குளியல் தியானத்துக்கு, உடன் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் என்னை அழைக்கிறார். ஏழு உலோகங்கள் கலந்த கிண்ணங்களின் அதிர்வு உடலின் நோய்களையெல்லாம் நீக்கிவிடும் என்று அவர்கள் கொடுத்த துண்டறிக்கையில் அச்சிட்டிருக்கிறது. அங்கே உண்மையில் என்ன செய்வார்கள், எதை எதிர்பார்த்துப் போகலாம்? இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருக்கும் என் மாமியாரையும் அழைத்துச் செல்லலாமா?

பதில்: பெரியாற்றங்கரை (வண்டிப்பெரியாறு)

சகோதரிக்கு வணக்கம். நான் யோகா கற்பிப்பவன். இத்தகைய அமர்வுகளில் உதவிக்கும் நின்றிருக்கிறேன். நீங்கள் செய்ய வேண்டியது பாயில் மல்லாந்து சவாசனத்தில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வது மட்டுமே. நடத்துபவர் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை வெண்கலக் கிண்ணங்களையும், சில இடங்களில் படிகக் கிண்ணங்களையும், காங் எனப்படும் பெரிய தட்டையும் ஒலிப்பார்.

கிண்ணத்தைத் தட்டியதும் எழும் கணீர் ஒலி சீக்கிரமே அடங்கிவிடும். அதற்கு அடியில் இருந்த தாழ்ந்த ரீங்காரம்தான் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, வெகுநேரம் நிற்கும். தோல் சுற்றிய கட்டையால் விளிம்பை ஒரே சீராகத் தேய்க்கும்போது முதலில் ஒன்றும் கேட்காது, பிறகு எங்கிருந்தென்று தெரியாமல் நாதம் வளர்ந்து அறையை நிறைக்கும். அது முற்றிலும் மறையும் வரை காதால் பின்தொடர்ந்து போவதுதான் இங்கே தியானம். மனம் நடுவில் கடைக் கணக்குக்குப் போனால் அடுத்த ஒலியில் மீண்டும் சேர்ந்துகொள்ளலாம், அதற்காக வருந்த வேண்டாம்.

சிலர் உறங்கிவிடுவார்கள், சிலருக்குக் காரணமின்றிக் கண்ணீர் வரும், சிலருக்கு எரிச்சல் மட்டுமே மிஞ்சும். இவை எல்லாம் இயல்பானவையே. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். அசையாமல் படுத்திருக்கும்போது உடல் குளிர்ந்துவிடும், குமுளியின் மாலைக் குளிரும் சேரும் என்பதால் ஒரு கனத்த போர்வை அவசியம். முடிந்ததும் சட்டென்று எழாமல், வலப்பக்கம் ஒருக்களித்துச் சற்று இருந்து எழுங்கள்.

பதில்: சித்தூர்ப்புழை (கொழிஞ்சாம்பாறை)

இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் அந்தத் துண்டறிக்கையைப் பற்றிச் சொல்கிறேன். பழைய இமயமலைக் கிண்ணங்களைச் சோதித்துப் பார்த்தபோது அவை பெரும்பாலும் செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலமாகவே இருந்தன. ஏழு உலோகம் என்பது விற்பனைக்காகச் சொல்லப்படும் கதை. நம் பக்கத்துக் கோயில் மணிகளும், உலோகத்தாலேயே செய்யப்படும் ஆறன்முளைக் கண்ணாடியும்கூட அளவு மாறிய அதே கலவைதான். கையால் தட்டிச் செய்த கிண்ணம் துல்லியமான வட்டமாக இராது என்பதால் ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரண்டு அதிர்வெண்கள் சேர்ந்து எழுகின்றன. அவற்றுக்கிடையே உள்ள சிறு வேறுபாடுதான் மேலே சொன்ன ஏற்ற இறக்கமாகக் கேட்கிறது. கேட்பதற்கு இனிமையானது, ஆனால் அது நோயைத் தேடிச் சென்று நீக்குவதில்லை.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தைச் சேர்ந்தவர்கள் 62 பேரிடம் நடத்திய ஆய்வில், கிண்ண ஒலித் தியானத்துக்குப் பிறகு இறுக்கமும் கோபமும் சோர்வும் குறைந்தன. ஆனால் ஒப்பிடுவதற்கு வேறொரு குழு அதில் இல்லை. அத்தனை நேரம் அமைதியாகப் படுத்திருந்ததன் பலன் எவ்வளவு, ஒலியின் பலன் எவ்வளவு என்று அதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. நல்ல ஓய்வை எதிர்பார்த்துப் போங்கள். அது கிடைத்தாலே பெரிய காரியம்.

பதில்: குண்டாறு (செங்கோட்டை)

செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான், அம்மா. உங்கள் மாமியாரைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். இதய மருத்துவரிடம் கேட்காமல் அவரை அழைத்துச் செல்லாதீர்கள். மருத்துவர் சம்மதித்தாலும், கிண்ணத்தை நெஞ்சின் மீதோ அதற்கருகிலோ வைத்து ஒலிக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். சில நிலையங்களில் அப்படிச் செய்யும் வழக்கம் உண்டு. வலிப்பு நோய் உள்ளவர்களும், காதிரைச்சல் உள்ளவர்களும், கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் இருப்பவர்களும் இதே எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். மூடிய அறையில் காங்கை ஓங்கி அடித்தால் காது வலிக்கும் அளவுக்கு ஒலி எழும். ஆகவே அதற்குப் பக்கத்தில் பாய் விரிக்காமல் தள்ளிப் படுங்கள், வலித்தால் நாகரிகம் பார்க்காமல் எழுந்து வெளியே வந்துவிடுங்கள்.

தூக்கமின்மை வாரத்தில் 3 இரவுகளாவது, 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்டதாகக் கருதப்படுகிறது. பழக்கங்களையும் எண்ணங்களையும் சீர்செய்யும் உளவியல் சிகிச்சையே அதற்கு முதலில் பரிந்துரைக்கப்படுகிறது. தைராய்டையும் ரத்தசோகையையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மருந்தை நிறுத்தச் சொல்லும் நிலையமாக இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மேகமலைச்சாரல்:

மூவருக்கும் நன்றி. மாமியாருக்கான மருத்துவரிடம் இந்த வாரம் கேட்டுவிடுகிறேன். அவருக்கு முழங்கால் வலியும் இருப்பதால் தரையில் படுக்க முடியாது. நாற்காலியில் அமர்ந்து கேட்கலாமா?

பெரியாற்றங்கரை:

தாராளமாகக் கேட்கலாம். முதுகு சாய்ந்திருக்கும்படியும், பாதங்கள் தரையில் படியும்படியும், கதவுக்கு அருகில் ஒரு நாற்காலியை முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள்.