களாப்பழம் பறிப்பு: சென்ற பதிவுக்குப் புதுப்பிப்பு

கோடை முடிகிற வேளையில் புதர்க்காடுகளில் களா பறிப்பது பற்றிய பதிவில், "நன்றாகக் கறுத்ததை மட்டும் பறியுங்கள்" என்று எழுதியிருந்தேன். அதில் ஒரு திருத்தம்.

அப்படியே தின்ன அது சரி. ஜாமுக்கு வெறும் கறுத்த பழம் போதாது, பாகு இறுகாது. இறுகவைக்கும் பெக்டின், முழுதும் பழுக்காத செங்காயில்தான் அதிகம். முக்கால் கிலோ கனிக்குக் கால் கிலோ செங்காய் சேருங்கள். ஒரு தம்ளர் தண்ணீரில் வேகவைத்து, வடிகட்டியில் தேய்த்து விதையை நீக்குங்கள். கூழ் ஒரு கிலோ என்றால் சர்க்கரை முக்கால் கிலோ. புளிப்பு அதிகம் என்பதால் அலுமினியச் சட்டி கூடாது, எவர்சில்வர்தான். குளிர்ந்த தட்டில் ஒரு துளி விட்டுச் சாய்த்தால் ஓடாமல் நிற்க வேண்டும். அதற்குமேல் கிண்டினால் ஆறியதும் மிட்டாய்தான்!

பால் பிசுக்கு பற்றிப் பலர் கேட்டார்கள். காயில் பால் அதிகம், கனியில் குறைவு. கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவுங்கள். காம்பு கிள்ளி, லிட்டருக்கு 2 தேக்கரண்டி உப்பு போட்ட நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டால் பெரும்பாலும் போய்விடும்.

பிளாஸ்டிக் பை வேண்டாம். புழுங்கி, அடிப்பழம் நசுங்கி, மறுநாளே புளித்த வாடை வரும். அகலமான ஓலைப்பெட்டி நல்லது.

பக்கத்திலேயே உண்ணிச்செடியும் நிற்கும். அதன் கொத்துக் கொத்தான சின்னக் கறுப்புப் பழத்தைக் குழந்தைகள் குழப்பிக்கொள்ளலாம். அதன் பச்சைக்காய் நஞ்சு. களாவில் கிள்ளினால் பால் வரும், உண்ணியில் வராது.