மார்கழி பிறந்ததுல இருந்து மோட்டார் தானா ஓடுது, யாராவது சொல்லுங்க

வளவுவீட்டுக்காரன்:
பாளையங்கோட்டையில எங்க வளவுல நாலு வீடு, வீட்டுக்கு ஒரு மீட்டர். லண்டன்ல இருக்க மச்சினன் போன லீவுக்கு வந்தப்போ எக்ஸ்-10 செட்டு ஒண்ணு கொண்டாந்தான், லைட்டு மோட்டாரை எட்ட இருந்தே போட்டு அணைக்குற பெட்டி. தனியா வயர் இழுக்க வேண்டாம், கரண்டு போற வயர்லயே சிக்னல் போகும்னான். சம்ப்புல இருந்து மேல ஏத்துற அரை எச்.பி. மோட்டார், வாசல் லைட்டு, மச்சுல ஒரு பேன், மூணையும் மாட்டிட்டேன். ராத்திரி பத்து மணிக்கு ஒரே பட்டன், எல்லாம் அணைஞ்சிரும். படுத்த எடத்துல இருந்தே.

இப்போ என்னன்னா, காலையில நாலரை ஆனா மோட்டார் தானா ஓடுது. ஆறு மணிக்குத் தானா நிக்குது. குற்றாலத்துல தண்ணி விழுதோ இல்லையோ, எங்க தட்டட்டியில இருந்து விழுது. அம்மா, ‘இசக்கிக்குப் பொங்கல் வைக்காம விட்டுட்ட’ங்கா. முந்தாநாள் விடியக்காலம் கரண்டு போயி வீடு இன்வெர்ட்டர்ல இருந்துச்சு, அன்னைக்கு மட்டும் ஓடல. அந்த சவம் கெட்டுப்போச்சா, இல்ல வேற யாரும் போடுதாங்களா?

பேட்டை வயர்மேன்:
அண்ணாச்சி, இன்வெர்ட்டருக்கு மாறினா வெளி லைன் அத்துப்போயிரும். அப்போ ஓடலன்னா சிக்னல் வெளிய இருந்துதான் வருது. சும்மா வயர்ல வர்ற மின் இரைச்சலா இருந்தா கண்ட நேரத்துல ஓடும். நாலரைன்னு மணி பாத்து ஓடினா அது ஒரு டைமர். மச்சினன் ஒரே செட்டுதான் கொண்டாந்தாரா? உங்க பெட்டியில திருகு இருக்கும், ‘ஏ’ல (A) இருந்து ‘பி’ (P) வரைக்கும் 16 இங்கிலீஷ் எழுத்து. எதுல நிக்குதுன்னு பாருங்க.

வளவுவீட்டுக்காரன்:
ரெண்டு செட்டு. இன்னொண்ணு அடுத்த வீட்டுல இருக்க அவன் சித்திக்கு. மார்கழிக் கோலத்துக்கு வாசல் லைட்டு நாலரைக்கு எரியணும்னு சித்தி டைமர் வச்சிருக்கா. ரெண்டு வீடும் ‘ஏ’, ஒண்ணாம் நம்பர்! வாங்கி வந்தபடியே விட்டுருக்கோம். ஆனா அவ வீட்டு சிக்னல் மீட்டரைத் தாண்டி எப்படி வரும்?

பேட்டை வயர்மேன்:
மீட்டர் யூனிட்டைத்தான் எண்ணும், சிக்னலைத் தடுக்காது. இது 1975ல ஸ்காட்லாந்துல செஞ்ச சாமான். கரண்டு அலை சைபரைத் தொடுற நேரம் பாத்து 120 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு மில்லிசெகண்டு நேரம் துடிப்பு விடும். பக்கத்து வீடும் ஒரே பேஸ்னா தாராளமா வந்துரும். அமெரிக்காவுல நாலஞ்சு வீட்டுக்கு ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கும்; நமக்குத் தெருத்தெருவா ஒண்ணுதான். உங்க சிக்னலைக் கேக்கக்கூடியவங்க இங்க ஜாஸ்தி.

எழுத்தை மாத்துனா சித்தி தொல்லை தீந்துரும். ஆனா அது பூட்டு இல்ல பாத்துக்கிடுங்க. பதினாறு எழுத்து, பதினாறு நம்பர், மொத்தமே 256. பாஸ்வேர்டு கிடையாது, யாரு அனுப்புனான்னு கேக்கவும் கேக்காது. அதே பேஸ்ல ஒருத்தன் இந்தப் பெட்டியை வச்சுக்கிட்டு ‘ஏ’ல இருந்து தட்டிக்கிட்டே வந்தா கொஞ்ச நேரத்துல உங்க வீட்டுக்கு வந்துருவான். மீட்டருக்கும் மெயின் போர்டுக்கும் நடுவுல இந்த சிக்னலைத் தடுக்குற பில்டர் போடலாம், லைசென்ஸ் உள்ள ஆளை வச்சுப் போடுங்க. மீட்டர்ல வச்சிருக்க சீலைத் தொட்டுராதீங்க. மோட்டாரை மட்டும் இதுல வைக்காதீங்க. சம்ப்பு காலியா இருக்கப்போ எவனோ போட்டா காயில் போயிரும்.

மேலப்பாளையம் நெட்காரர்:
வயர் வழியா இன்டர்நெட் அனுப்புற பவர்லைன் அடாப்டர் வச்சிருக்கவங்களும் கவனிங்க. ஹோம்பிளக் ஏவி வகையில 128 பிட் பூட்டு உண்டு. ஆனா பெட்டியில இருந்து எடுத்தபடியே மாட்டுனா எல்லார் வீட்டுக்கும் ஒரே சாவி. பக்கத்து வீட்டுலயும் அப்படியே மாட்டியிருந்தா ரெண்டும் கூடிக்கிடும். ஜோடி சேர்க்குற ‘பேர்’ (Pair) பட்டனை உங்க ரெண்டு அடாப்டர்லயும் ஒருக்கா அமுக்குங்க, புதுச் சாவி வந்துரும்.

வளவுவீட்டுக்காரன்:
எழுத்தை ‘எம்’முக்கு மாத்திட்டேன். மோட்டாருக்குப் பழைய சுவிட்ச்தான் மறுபடி. ரெண்டு நாளா தட்டட்டி காஞ்சு கெடக்கு.

ஆனா இன்னைக்குக் காலையில சித்தி வந்து நிக்கா. அவ வீட்டுப் பட்டாசல் லைட்டு ராத்திரி பத்து மணிக்குத் தானா அணைஞ்சுரும், அதைப் பாத்துதான் டிவியை நிறுத்திட்டுப் படுப்பாளாம். ரெண்டு நாளா அணையவே இல்லையாம். பன்னெண்டு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன்கா.